சிறுநீரகத்தில் விழும் வடு: கிருமிக்கொல்லியுடன் ஸ்டெராய்டு சேர்க்கலாமா?

காய்ச்சல் தணிகிறது, குழந்தை மீண்டும் பால் குடிக்கிறது, பெற்றோர் மனம் அமைதி அடைகிறது. மருந்து முடிந்தது, நோயும் முடிந்தது என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. ஆனால், சிறுநீரகத்தில் தோன்றும் தொற்றுநோயில் அவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதில்லை. கிருமிகள் அடியோடு அழிந்த பின்னரும், அவை தங்கியிருந்த இடத்தில் ஒரு வடு எஞ்சி நிற்பதுண்டு. முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்க்கு அத்தகைய வடு ஏற்படுகிறது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது.

கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இருக்க, வடு ஏன் விழுகிறது? அதனைத் தடுக்கக் கிருமிக்கொல்லியுடன் ஸ்டெராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? இவ்வினா மருத்துவ உலகில் நெடுநாளாக ஆராயப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த விடை, நோயைப் பற்றி மட்டுமன்றி, உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறையைப் பற்றியும் பல உண்மைகளை விளக்குகிறது.

வடிகலங்களும் கிருமியும்

மனிதனுடைய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரி 10 இலட்சம் நுண்ணிய வடிகலங்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது அவற்றின் பெயர். வளர்ந்த ஒருவரின் உடம்பில் அவை நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, உடம்புக்கு வேண்டியதை எல்லாம் மீட்டுக்கொண்டு, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வடிகலங்கள் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பின் ஒரு வடிகலமும் புதிதாகத் தோன்றுவதில்லை. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளரும். முறிந்த எலும்பும் கூடும். அழிந்த நெஃப்ரான் மீண்டும் பிறப்பதில்லை. சிறுநீரகத்தில் விழும் வடு பெரிதாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளுக்கு வரும் இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது எஷெரிக்கியா கோலை எனப்படும் பாக்டீரியா. ஏறத்தாழ நூற்றுக்கு 80 நோயாளரிடத்தில் இதனைக் காணலாம். தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் 1885ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அவர் பெயரே பின்னர் இதற்கு அமைந்தது. இது புதிதாக எங்கிருந்தோ வரும் பகைக் கிருமி அன்று. ஒவ்வொருவர் குடலிலும் குடியிருப்பது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்யாதது. குடலை விட்டு வெளிப்பட்டுச் சிறுநீர் வழியில் புகுந்தால்தான் துன்பம் தொடங்குகிறது.

சிறுநீரின் ஓட்டம் கீழ்நோக்கியது. அவ்வோட்டமே கிருமியை அடித்துச் சென்றுவிடவேண்டும். ஆயினும் இப்பாக்டீரியாவின் சில வகைகளுக்கு மயிரிழை போன்ற நுண்ணிழைகள் உண்டு. அவற்றால் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து அவை மேலேறுகின்றன. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையின் வாயில் அமைந்த தடுப்பு சரிவர மூடாமல், சிறுநீர் கீழிருந்து மேலே திரும்பி ஏறுவதும் உண்டு. அவர்களிடத்தில் கிருமி சிறுநீரகத்தை எட்டுவது எளிது.

அழலும் அழற்சியும்

இனி, வடு தோன்றும் வகை காணத்தக்கது. நோயுற்ற உறுப்பின் நிலையைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்பது நெருப்பு. அதிலிருந்து பிறந்ததே அச்சொல். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் உரோம அறிஞர், அழற்சிக்குச் செம்மை, வெம்மை, வீக்கம், வலி என்னும் நான்கு அடையாளங்களைக் குறித்தார். இந்நான்கும் தீப்பட்ட இடத்தில் காணப்படுவனவே. ஆகவே, அழற்சி என்னும் சொல்லே நோயின் இயல்பை உணர்த்துவதாக அமைந்துள்ளது.

அந்நெருப்பை மூட்டுவது யார்? கிருமி அன்று, உடம்பே. சிறுநீரகத்தில் கிருமி நுழைந்ததும் அங்குள்ள உயிரணுக்கள் அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களைக் குருதியில் விடுகின்றன. அவ்வறிவிப்பைக் கேட்டு வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை கிருமியை விழுங்குவதோடு நில்லாமல், உயிர்ப்பொருளை எரிக்கவல்ல ஆக்சிஜன் கூட்டுப்பொருள்களையும், புரதங்களைக் கரைக்கும் நொதிகளையும் உமிழ்கின்றன. இவற்றுக்குத் தன்னது, பகைவனது என்ற வேறுபாடு தெரியாது. கிருமியோடு அருகிலுள்ள வடிகலங்களும் அழிகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதைதான் இங்கு நிகழ்கிறது.

நெருப்பு அணைந்த பின் உடம்பு அவ்விடத்தைப் பழுது பார்க்கத் தொடங்குகிறது. நார் நெய்யும் அணுக்கள் வந்து கொலாஜன் என்னும் நார்ப்பொருளால் பள்ளத்தை நிரப்புகின்றன. புண் ஆறுகிறது, ஆனால், ஆறிய இடம் இப்பொழுது சல்லடை அன்று, வெறும் நார்த்திட்டு. அதுவே வடு.

ஒரு சிறுநீரகத்தில் ஒரு சிறு வடு இருப்பதால் பெருங்கேடு விளைவதில்லை. எஞ்சிய வடிகலங்கள் அதன் பணியையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால், வடுக்கள் பலவாகி இரு சிறுநீரகங்களிலும் பரவினால், பல ஆண்டுகளுக்குப் பின் இரத்தக் கொதிப்பு தோன்றலாம். சிறுநீரில் புரதம் ஒழுகலாம். பெண்களுக்குப் பேறுகாலத்தில் இடர் நேரலாம். சிலர்க்குச் சிறுநீரகமே செயலிழக்கலாம். மழலைப் பருவத்தில் 3 நாள் காய்ந்த காய்ச்சலின் விளைவு 30 வயதில் வெளிப்படுவதும் உண்டு.

இரண்டு மருந்துகள், இரண்டு பணிகள்

ஆன்டிபயாட்டிக் என்று மருந்துக்கடைகளில் வழங்கும் கிருமிக்கொல்லிகளின் வரலாறு பலரும் அறிந்ததே. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோரின் உழைப்பால் அது 1941இல் நோயாளிகளுக்கு மருந்தாயிற்று. கிருமிக்கொல்லி, பாக்டீரியாவைக் கொல்கிறது அல்லது பெருகவிடாமல் தடுக்கிறது. அவ்வளவே அதன் பணி. வெள்ளணுக்கள் மூட்டிய நெருப்பை அது நேரே அணைப்பதில்லை.

ஸ்டெராய்டின் பணி இதற்கு மறுதலையானது. 1948ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் பொருளை ஊசிவழிச் செலுத்தினார். சில நாள்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். இம்முயற்சிக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியில் ஊறும் இயற்கைப் பொருளே இதற்கு மூலம். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் முதலியன அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஸ்டெராய்டு உயிரணுவுக்குள் நுழைந்து, அபாய அறிவிப்புப் பொருள்களை ஆக்கும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. அறிவிப்பு இல்லையேல் படை திரளாது. படை திரளாவிடின் நெருப்பும் மூளாது. ஆனால், அப்படையே கிருமியை எதிர்ப்பது அல்லவா? தொற்று உள்ளவர்க்கு ஸ்டெராய்டைக் கொடுத்தால், காவலரை உறங்கவைத்துவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்ததாக முடியாதா? இந்த அச்சத்தாலேயே மருத்துவர்கள் நெடுங்காலம் தொற்றுநோய்களில் ஸ்டெராய்டை விலக்கி வைத்தனர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். சிறுநீரில் புரதம் மிகுதியாக ஒழுகி, முகமும் காலும் வீங்கும் நெஃப்ரோட்டிக் நோய்க்கு ஸ்டெராய்டே குழந்தைகளிடத்தில் முதன்மை மருந்து. அந்நோய் கிருமியால் வருவது அன்று. "அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் சிறுநீரக நோய்தான், அவனுக்கு இம்மருந்தைத்தான் கொடுத்தார்கள்" என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பெரும் பிழையாகும்.

மூளையுறை அழற்சி கற்பித்த பாடம்

பழைய அச்சத்தைத் தளர்த்தியது மூளையுறை அழற்சி என்னும் கொடிய நோய். அங்கே கிருமிக்கொல்லி பாக்டீரியாவை உடைத்தெறியும்போது, சிதறிய துண்டுகளே புதிய நெருப்பை மூட்டுகின்றன. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் இல்லாமையால் மூளை நசுங்குகிறது. ஐரோப்பிய நாடுகள் ஐந்தில் 301 நோயாளரிடத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், முதல் கிருமிக்கொல்லிக்குச் சற்று முன்னரோ அதனுடனோ டெக்சாமெத்தசோன் கொடுக்கப்பட்டது. கிருமிக்கொல்லி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேர் இறக்க, இரண்டும் பெற்றவர்களில் இறந்தவர் 7 பேரே. காசநோயால் வரும் மூளையுறை அழற்சியிலும் இம்மருந்து இறப்பைக் குறைத்ததை, வியட்நாமில் 545 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது.

ஆயினும், அதே 2002ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து மாறான செய்தி வந்தது. அங்கே மூளையுறை அழற்சியுற்ற குழந்தைகளில், ஸ்டெராய்டு பெற்றோரும் பெறாதோரும் ஒரே அளவில், நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். காலந்தாழ்ந்து மருத்துவமனை சேர்ந்தவரும், ஊட்டக் குறைவும் எச்.ஐ.வி. தொற்றும் உடையவரும் அவருள் பலர். நோயின் பெயர் ஒன்றாயினும், நோயாளி வேறானால் மருந்தின் பயனும் வேறாகலாம் என்பது இதனால் விளங்கிற்று.

சிறுநீரகத்தில் நடந்த சோதனை

மூளைக்கு உதவியது சிறுநீரகத்துக்கும் உதவுமா? 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பன்றிக்குட்டிகளின் சிறுநீரகத்தில் தொற்றை உண்டாக்கி, ஒரு பகுதிக்குக் கிருமிக்கொல்லி மட்டும், மற்றொரு பகுதிக்கு ஸ்டெராய்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டும் பெற்றவற்றில் வடு குறைந்தது. 2008இல் ஈரான் நாட்டு மருத்துவர்கள், நோயுற்ற குழந்தைகளுக்கு டெக்சாமெத்தசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது, சிறுநீரில் அழற்சியின் அறிவிப்புப் பொருள்கள் குறைந்ததைக் கண்டனர். நெருப்பு தணிகிறது என்பது தெளிவாயிற்று. வடுவும் குறையுமா என்பதே அடுத்த வினா.

தைவான் மருத்துவர்கள் 2011இல் அதற்கு ஒரு விடை தந்தனர். வடு விழும் வாய்ப்பு மிகுந்த 84 குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். எல்லார்க்கும் கிருமிக்கொல்லி உண்டு. 19 பேருக்கு மட்டும் மீதைல் பிரெட்னிசோலோனும் 3 நாள் கொடுக்கப்பட்டது. மற்றவர் பெற்றது மருந்துபோல் தோன்றும் வெறும் பொருள். சில திங்கள் கழித்துக் கதிரியக்கப் பொருளின் உதவியால் சிறுநீரகங்களைப் படம் பிடித்தனர். ஸ்டெராய்டு பெறாதவரில் 60 விழுக்காட்டினர்க்கு வடு இருந்தது. பெற்றவரில் 33 விழுக்காட்டினர்க்கே இருந்தது. மருத்துவ உலகில் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், 19 என்பது ஒரு வகுப்பறையின் பாதியைக்கூட நிரப்பாத தொகை. இரண்டொரு குழந்தைகளின் நிலை மாறினால் விழுக்காடும் வெகுவாக மாறிவிடும்.

ஆதலின் அமெரிக்காவில் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடைபெற்று 2020இல் அதன் முடிவு வெளியாயிற்று. 2 மாதம் முதல் 6 வயது வரையுள்ள 546 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். கிருமிக்கொல்லியுடன் ஒரு பகுதியினர்க்கு டெக்சாமெத்தசோனும், மறுபகுதியினர்க்கு வெறும் பொருளும் 3 நாள் தரப்பட்டன. பிற்காலப் படமெடுப்பு நிறைவேறியது 254 குழந்தைகளுக்கே. அவருள் ஸ்டெராய்டு பெற்ற 123 பேரில் 12 பேருக்கும், பெறாத 131 பேரில் 22 பேருக்கும் வடு காணப்பட்டது. விழுக்காட்டில் சொன்னால் 9.8க்கு எதிராக 16.8.

மேலோட்டமாகப் பார்த்தால் மருந்து வென்றதாகவே தோன்றும். புள்ளியியல் அறிஞர் அதனை ஏற்கவில்லை. மருந்துக்கு எவ்வகை ஆற்றலும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இத்தகைய ஆய்வை 100 முறை நடத்தினால் ஏறத்தாழ 16 முறை இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே தோன்றக்கூடும் என்று கணக்குக் காட்டியது. 100க்கு 5 முறைக்குக் கீழே அவ்வாய்ப்பு குறைந்தால்தான் ஆய்வுலகம் முடிவை நம்புவது வழக்கம். ஸ்பெயின் நாட்டில் டெக்சாமெத்தசோனைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான சிறிய ஆய்வும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை.

எனவே, மருந்து பயனற்றது என்று மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. பயனுடையது என்று மெய்ப்பிக்கப்பட்டதா? அதுவும் இல்லை. குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றுக்குரிய மருத்துவ வழிகாட்டு நெறிகள் ஸ்டெராய்டை வழக்கமான மருந்தாகப் பரிந்துரைக்காமைக்கு இதுவே அடிப்படை.

மறைக்கும் மருந்தின் இடர்

ஐயத்துக்கு இடமான பயனுக்காக மருந்தைச் சேர்ப்பதில் வேறோர் இடரும் உள்ளது. கொடுத்த கிருமிக்கொல்லி வேலை செய்கிறதா என்பதை மருத்துவர் எதனைக் கொண்டு அறிகிறார்? பெரும்பாலும் காய்ச்சல் தணிவதைக் கொண்டு. இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால், அக்கிருமி அம்மருந்துக்கு அடங்காததோ, சிறுநீரகத்தில் சீழ் கட்டியதோ என்று ஐயுற்று மருந்தை மாற்றுவார். ஸ்டெராய்டோ, கிருமி உயிரோடு இருக்கும்போதே காய்ச்சலை இறக்கிவிடவல்லது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உலகெங்கும் பெருகிவரும் இக்காலத்தில், இந்த மறைப்பு சிறு தீங்கு அன்று. சர்க்கரை நோயாளர்க்குக் குருதியில் சர்க்கரை ஏறுதலும், இரத்தக் கொதிப்பு உயர்தலும் தனி.

மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் உடனே குணம் தரும் நாட்டு மருந்து என்று விற்கப்படும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சிங்கப்பூர், மலேசிய மருந்துக் கண்காணிப்பு அமைப்புகள் பலமுறை கண்டு எச்சரித்துள்ளன. அவற்றை உண்பவர், தாம் ஸ்டெராய்டு உண்பதையே அறியார். அவர்க்குத் தொற்று வந்தால் அதன் அடையாளம் மழுங்கிவிடும். மருத்துவரிடம் செல்லும்போது, உட்கொண்ட அத்தகைய மருந்தையும் மறைக்காமல் காட்டுதல் வேண்டும்.

காலம் என்னும் மருந்து

வடுவைக் குறைக்கும் வழி கையில் இல்லையா எனின், உண்டு. அது புதிய மருந்து அன்று. பழைய மருந்தை விரைந்து கொடுப்பதே. 482 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து 2016இல் வெளியான அமெரிக்கக் கட்டுரை ஒன்று இதனைத் தெளிவாக்கியது. அவருள் 35 குழந்தைகளுக்குப் புதிதாக வடு விழுந்தது. காய்ச்சல் தொடங்கியதிலிருந்து கிருமிக்கொல்லி கொடுக்கும்வரை கழிந்த காலத்தைக் கணக்கிட்டபோது, வடு விழாதவர்க்கு நடு அளவு 48 மணி. வடு விழுந்தவர்க்கு 72 மணி. ஒரு நாள் வேறுபாடு! அழல் பரவுமுன் கிருமி அழிந்தால், அதனை அணைக்க வேறு மருந்து தேடவேண்டிய தேவையும் குறைகிறது.

தாமதம் நேர்வது பெற்றோரின் அன்புக் குறையால் அன்று. நோய் தன்னைக் காட்டிக்கொள்ளாமையால். பெரியவர்க்கும் வளர்ந்த பிள்ளைக்கும் இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, குளிர் நடுக்கம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியன உண்டு. கைக்குழந்தைக்கோ காய்ச்சல் ஒன்றே அடையாளமாகலாம். சில குழந்தைகள் வாந்தி எடுக்கும், பால் மறுக்கும். காய்ச்சலுக்காக மருத்துவரிடம் கொண்டுவரப்படும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர்க்குச் சிறுநீர்த் தொற்றே காரணம் என்பது பல ஆய்வுகளின் தொகுப்பு. சளியோ இருமலோ இல்லாமல் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் வந்தால், "பல் முளைக்கும் காய்ச்சல்" என்று சொல்லி நாளைக் கழித்தல் கூடாது. "சிறுநீரைச் சோதிக்க வேண்டுமா?" என்று மருத்துவரை அன்றே கேட்கவேண்டும்.

சிறுநீரைக் கிருமிக்கொல்லி கொடுப்பதற்கு முன்பே எடுத்தல் இன்றியமையாதது. வீட்டில் முன்பு மிஞ்சிய மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பிறகு சோதித்தால், கிருமியின் அடையாளம் அழிந்துபோகும். எம்மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியாது. தொடங்கிய மருந்தை, காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்கவேண்டும்.

ஸ்டெராய்டு பற்றிய ஆராய்ச்சி முற்றுப்பெற்றுவிடவில்லை. வடு விழும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளை முன்கூட்டியே பிரித்தறிய முடிந்தால், அவர்களுக்கு மட்டும் அது பயன்படுமா என்னும் வினா இன்னும் திறந்தே கிடக்கிறது. அவ்வினாவுக்கு விடை காண்பது ஆய்வாளர் கடன். காய்ச்சல் கண்ட அன்றே சிறுநீரைச் சோதிக்கச் செய்வது வீட்டார் கடன். ஆறிய புண்ணின் வடுவைப் போக்கும் மருந்து இல்லை. அவ்வடு விழாமல் தடுக்கும் காலமோ முதல் இரண்டு மூன்று நாள்களே.